சாவடி முன்னால் வரிசை திரும்பியபோது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. கணக்கு வாத்தியார் உங்கள் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அறிவியல் டீச்சரும் கேட்பார். பரீட்சை நெருங்கினால் தமிழய்யாகூட வந்து நிற்பார். யாரும் திருப்பித் தர மாட்டார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க இதற்காகச் சண்டை போட்டேன், ஒருநாளும் ஜெயித்ததில்லை. செல்லூரில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையாலேயே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். அணிவகுப்புப் பயிற்சி கொடுப்பது எப்படி என்று உங்களுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அதெல்லாம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது, நான் வேறு எதற்கு? எனக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தீராத ஒரு சந்தேகம் உண்டு. அதைச் சொல்கிறேன். நாட்டில் சட்டம் மாறுகிறது, ஆட்சி மாறுகிறது, நாற்காலியில் உட்காரும் ஆள் மாறுகிறார். இந்தச் செய்தியெல்லாம் மனிதர்களின் கைகால்களுக்கு எப்போது போய்ச் சேருகிறது? யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

சந்தேகம் வந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தபோது, ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகளுக்கென்று ஓட்டப் பந்தயம் வைத்தேன். எல்லோரும் படித்தவர்கள். தேர்தல் வேலைக்குப் போனால் மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறவனையும் 'வரிசையில நில்லுப்பா' என்று அதட்டிவிட்டு வருகிறவர்கள். விசில் ஊதினேன். ஒருவர்கூட ஓடவில்லை. சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி, வேகமாக நடந்தார்கள். முந்திவிட்டோமோ என்று பயந்து பக்கத்தில் வருகிறவருக்காகக் கொஞ்சம் நின்று நின்று வந்தார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்தாற்போலக் கோட்டைத் தொட்டார்கள். பரிசு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், வாங்கி வைத்திருந்த டிபன் பாக்ஸை ஹெச்.எம். தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன், கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று. வேதியியல் டீச்சர் ரொம்ப நேரம் யோசித்தார். "வயசுக்கு வர்றதுக்கு முந்தி ஓடுனது டீச்சர். அதுக்கப்புறம் பஸ்ஸுக்குக்கூட ஓடுனதில்ல. போனாப் போகுது, அடுத்த பஸ்ஸுல வாரேன்னு நின்னுருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் என்னைவிட்டுப் போகவே இல்லை. நாற்பது வயதுப் பெண், கைநிறையச் சம்பளம், யாரையும் கேட்காமல் ஓட்டுப் போடுகிறவர். ஓடலாம் என்று மட்டும் அவர் காலுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை 'ஓடு' என்று விரட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி முத்துமாரி கதைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வண்டியூர் தாண்டிக் கிழக்கே, பாதி வயலும் பாதி பிளாட்டுமாக இருக்கிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கு ஒரே பெரிய தெரு. அதன் ஒரு முனையில் எங்கள் பள்ளிக்கூடம். மறுமுனையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்காரும் சாவடி, அதோடு தெரு முடிந்துவிடும். தெருவின் மத்தியில் ஒரு சந்து பிரியும், அதற்குள் பஞ்சாயத்து ஆபீஸ். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. காலனிக்காரர்கள் ஒரு காலத்தில் பெரிய தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது கொத்தனார், டிரைவர், நர்ஸ் என்று ஆளுக்கொரு வேலை. சிலர் சொந்தமாக நிலம் வாங்கி விவசாயமும் செய்கிறார்கள்.

அந்த முறை பஞ்சாயத்துத் தலைவர் பதவி காலனியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வந்திருந்தது. ஆகஸ்ட் பதினைந்து அன்று அவர்தான் முதல் தடவையாகக் கொடியேற்றப் போகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் ஊர்வலமாகக் கிளம்பி, பெரிய தெரு வழியாகச் சாவடி வரை போய், திரும்பிப் பாதித் தெரு வந்து, பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைய வேண்டும். ஊர்வலத்துக்கு முன்னால் ஒயிலாட்டம். அதுதான் என் பொறுப்பு.

ஒயிலாட்டம் உங்களுக்குத் தெரியும். காலில் சலங்கை, கையில் வண்ணத் துணி, வரிசையாக நின்று ஆடுவது. அந்த ஊரில் பெரிய தெரு ஆண்கள் மட்டும் கோயில் திருவிழாவுக்கு ஆடிவந்த ஆட்டம் அது. நான் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து. பொம்பளப் பிள்ளைகள் ஆடுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம். சொல்ல வேண்டியதை வேறு இடத்தில் வைத்திருந்தார்கள்.

ஊர்வலத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தவசி அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெரிய தெருக்காரர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, குழாய் போட என்று எல்லாவற்றுக்கும் ஓடி வருகிறவர். கெட்ட மனிதர் இல்லை. அவர் மகள் பாண்டீஸ்வரி என் ஆட்டக்காரிகளில் ஒருத்தி.

"டீச்சரம்மா, காலனிப் பிள்ளைக ஆடக் கூடாதுன்னு நான் சொல்லல. காலம் மாறிப்போச்சு, அது எங்களுக்கும் தெரியும். ஆனா எங்க தெருவுல அதுக முன்னால வர, எங்க பிள்ளைக பின்னால வந்தா பெருசுக சும்மா இருக்காது. கடைசியில நிறுத்திக்கங்க. அம்புட்டுத்தேன்."

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். 'சரின்னு சொல்லித் தொலைங்க' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வரிசைக்கு அதுவரை முதல் ஆள் முத்துமாரி. ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள், காலனிப் பிள்ளை. அவளுடைய அடி சுத்தமாக விழும், அதனால் மற்றவர்கள் பார்த்து ஆட வசதி என்று அவளை முன்னால் நிறுத்தியிருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மைதானத்தில் அவளையும் மற்றக் காலனிப் பிள்ளைகள் நாலு பேரையும் தனியே கூப்பிட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அழுவாள், இல்லை 'நாங்க ஆட வரல' என்று துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன். போனால் நானும் ஆட்டத்தையே நிறுத்திவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

முத்துமாரி துணியை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "சரி டீச்சர். நாங்க அஞ்சு பேரும் கடைசிக்குப் போறோம்."

"ரோசமே இல்லையாடி உனக்கு?"

"இருக்கு டீச்சர். நீங்க பாட்டைப் போடுங்க."

வரிசையின் வாலுக்குப் போய் நின்றாள். முன்னால் பாண்டீஸ்வரியை நிறுத்தினேன். அந்தப் பிள்ளைக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, பின்னால் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றது. பாட்டைப் போட்டேன். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஆடிப் போனார்கள். கடைசிச் சரணம் வந்தது. அந்த இடத்தில் எல்லோரும் துணியைத் தலைக்கு மேல் வீசி, நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பி, வந்த வழியே ஆடிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்தின் அழகே அதுதான். திரும்பினார்கள். வாலில் நின்ற முத்துமாரி இப்போது வரிசைக்கு முதல் ஆள்! என்னைத் தாண்டி ஆடிக்கொண்டு போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த ஆட்டம், எனக்கே அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் இருக்கும்போது புத்தி வேலை செய்யாது என்பதற்கு நானே சாட்சி.

ஒருநாள் சாயங்காலம் தவசி அண்ணன் ஒத்திகை பார்க்க வந்தார். முத்துமாரி கடைசியில் நிற்பதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், டீயைக் குடித்துவிட்டுக் கடைசிச் சரணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். இதுதான் எனக்கு விளங்கவே இல்லை. வாலிபத்தில் அந்த ஊர் ஒயிலாட்டத்துக்கு முன்னால் நின்று ஆடியவரே அவர்தான். சாவடி முன்னால் வரிசை திரும்பும் என்பது அவருக்குத் தெரியாதா? பல நாள் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் ஆடியபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் மாமன் மச்சான், அண்ணன் தம்பி. திரும்பிய பிறகு யார் முதல், யார் கடைசி என்று அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹெச்.எம்.மிடமும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது கடைசியில் நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டேன். ஆட்டத்தை மாற்று என்று யாரும் கேட்கவில்லை. இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில், முதல்நாள் பெய்த மழையின் ஈரம் இருந்தது. லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, என் போனிலிருந்து பாட்டு. முன்னால் ஆட்டக்காரிகள், பின்னால் பிள்ளைகள், அவர்களோடு புதுச்சேலையில் தலைவரம்மா. இரண்டு பக்கமும் வாசலில் சனம். பையன்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரி முன்னால் ஆடி வர, தெருவே 'எங்க பிள்ளை' என்று பார்த்தது. சாவடியை நெருங்கினோம். சாவடிப் படியில் பெரியவர்களோடு தவசி அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் தொழில் புத்தி, யாரைப் பார்த்தாலும் முதலில் கால்தான் கண்ணில் படும். பாட்டுக்கு அவர் பாதம் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சரணம் தொடங்கியதும் குதிகால் லேசாக மேலே எழுந்தது, உடம்பு திரும்பத் தயாரானது. அப்போதுதான் அவர் முகம் மாறியது. காலுக்கு ஞாபகம் வந்த பிறகுதான் மனிதருக்கு ஞாபகம் வந்தது. படியை விட்டு இறங்கி என்னிடம் ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, இப்பத் திரும்புனா அதுக முன்னால வந்துரும்ல?"

"ஆமாண்ணே."

"திரும்ப வேணாம். முன்னால நிக்கிற பிள்ளை அப்படியே வளைஞ்சு வரட்டும், மத்ததுக பின்னாலேயே வந்துரும். விசிலை ஊதுங்க."

அது நடக்கக்கூடிய காரியம்தான். நான் நீளமாக ஒரு விசில் ஊதினால் என் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு முன்னால் போகிறவளைத் தொடர்வார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தேன். ஹெச்.எம்.மும் வந்துவிட்டார், வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. "வளைச்சுக் கூட்டிட்டு வந்துருங்க டீச்சர். யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல."

உண்மை. பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. வாலில் நிற்கிற அஞ்சு பேருக்கு மட்டும் தெரியும், அதுவும் அவர்கள் டீச்சரே ஊதிய விசிலிலிருந்து தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசில் கையில் இருந்தது. சண்டை வந்தால் அடிபடப் போவதும் இந்தப் பிள்ளைகள்தான் என்ற பயமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சனத்தை ஒருதரம் பார்த்தேன். யார் கையும் மடங்கவில்லை, யாரும் வாசலை விட்டு இறங்கவில்லை. முறைக்கிற உடம்பு வேறு, பாய்கிற உடம்பு வேறு. இதை உங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள், நீங்களே பார்த்துப் பழக வேண்டும்.

"அண்ணே, நீங்க ஆடுன காலத்துல இந்த எடத்துல யாராச்சும் வளைஞ்சு போனீகளா?"

"அது வேற டீச்சரம்மா."

"அடி அதே அடிதேன?"

அவர் மகளைப் பார்த்துக் கையைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினார், வளைந்து வா என்று. பாண்டீஸ்வரி பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். இனி வளைவதும் திரும்புவதும் அவள் பாடு. விசிலைக் கைப்பைக்குள் போட்டேன். மழைக்காகப் பிள்ளைகளைக் கலைக்கலாம், மாடு மிரண்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். இன்னார் முன்னால் வந்துவிடுவார் என்று நிறுத்துகிற வேலை நம்முடையது இல்லை. உங்களிடம் நான் சொல்ல விரும்பும் பாடம் என்றால் இது ஒன்றுதான். அடுத்த ஜூனில் எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துணிகள் மேலே போயின. எல்லோரும் சுழன்று திரும்பினார்கள், பாண்டீஸ்வரியும் திரும்பினாள். அப்பா மீது மரியாதை இல்லாத பிள்ளை அல்ல. பின்னால் கேட்டபோது, 'கால் திரும்பிருச்சு டீச்சர், நான் என்ன செய்ய' என்றாள்.

பின்னால் வந்த ஊர்வலம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, முத்துமாரி முன்னால் ஆடிக்கொண்டு பெரிய தெருவுக்குள் வந்தாள். கைதட்டல் இல்லை. யாரோ ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "இது யாரு மகடி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். மற்றபடி பாட்டுச் சத்தமும் சலங்கைச் சத்தமும்தான். தலைவரம்மா கைகட்டி ஒதுங்கி நின்றவர், கையை அவிழ்த்துவிட்டார்.

 அந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். வரிசை கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம், சாக்கடையை நோக்கி. சரிவு என்று நினைத்தேன், ஆனால் தெரு சமமாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது. முத்துமாரி அந்தத் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் சுவரை ஒட்டியே நடப்பாள். அவள் அம்மாவும் அப்படித்தான் நடப்பார். தெருவில் நடக்கிற அந்தப் பழக்கம் ஆட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. துணி வீச்சில் குறையில்லை, அடியில் குறையில்லை, தலை நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் கால் மட்டும் ஓரத்துக்கு ஓரத்துக்குப் போனது. அவளைப் பார்த்து நாலு பேர், அவர்களைப் பார்த்து மீதிப்பேர் என்று மொத்த வரிசையும் தெருவோரத்தை ஒட்டி ஒதுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் வருவதற்காக இவ்வளவு பாடுபட்டு, வந்த பிறகு தானாகவே ஒதுங்குகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. கூப்பிட்டுச் சொல்ல என் தொண்டை போதும். ஆனால் என்னவென்று சொல்வது? அத்தனை பேர் முன்னால், 'நீ ஓரமாகப் போகிறாய்' என்றா?

வாலில் இருந்துதான் சத்தம் வந்தது.

"ஏய் முத்துமாரி! நடுவுல போடி! எனக்கு இங்கிட்டு எடமே இல்ல, சாக்கடைக்குள்ள விழுந்துருவேன் போல!"

பாண்டீஸ்வரி கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது, சாவடி முன்னால் நின்ற அவள் அப்பாவுக்கும் கேட்டது. முத்துமாரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டே வலது பக்கம் ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். அவள் பின்னாலேயே வரிசை நகர்ந்து நடுத்தெருவுக்கு வந்தது. சந்து வரைக்கும் அப்படியே நடுவில்தான் போனார்கள்.

கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும்போது, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இரண்டு பேரும் சலங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி கோபமாக இருந்தாள்.

"நான் நடுவுலதேன வந்தேன்? என்னத்துக்குடி அப்படிக் கத்துன, அம்புட்டுப் பேரு பாக்க? சொல்லுங்க டீச்சர், நான் நடுவுலதேன வந்தேன்?"

கேலிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.  பாண்டீஸ்வரி, கணுக்கால் வரைக்கும் சாக்கடைச் சேறு அப்பியிருந்த தன் இடது காலைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினாள்.